முப்பத்திமூன்றாவது மணி

என்னோடு ஒரு சண்டையாவது பிடிக்காமல் ஒரு நாளும் உறங்கப் போகாத என் நிஸார் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அடக்கிய இடத்தில், கபுறடியில் நின்று சொல்ல வேண்டிய ஸலாம் இது. உன் கபுறு எது, அப்படி ஒன்று இருக்கிறதா என்றுகூட எங்களுக்குத் தெரியாது. அதனால் காகிதத்தில் சொல்கிறேன். பதினாறு மாதம் மூத்த அண்ணனை 'நீங்க' என்று கூப்பிடு என்று உம்மா எத்தனை தரம் சொல்லியும் நான் கேட்டதில்லை. இப்போதும் 'நீ'தான். கோபித்துக்கொள்ளாதே.

நாட்டுச் சண்டை முடிந்துவிட்டது காக்கா. கடல் ஊருக்குள் வந்து நாலரை வருடத்துக்குப் பிறகு முடிந்தது. அன்றைக்குக் கல்முனைக் கடைத்தெருவில் வெடி கொளுத்தினார்கள். சிலர் சிரித்தார்கள், சிலர் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள். உம்மா வெடிச்சத்தம் கேட்டு எழுந்து ஜன்னலை மூடிவிட்டு, திரும்பி வந்து வெங்காயம் உரித்தா. நாங்கள் இப்போது மேற்கே, வயல் பக்கத்து வீட்டுத்திட்டத்தில் இருக்கிறோம். இங்கே கடலின் இரைச்சல் கேட்காது. வாப்பா சவூதிக்குத் திரும்பிப் போகவில்லை. ஓட்டோ ஓடுகிறார்.

போன நோன்புப் பெருநாளுக்குக் கடைகளில் விளையாட்டுத் துவக்குகள் மறுபடியும் தொங்கின. பிள்ளைகள் தெருவெல்லாம் மஞ்சள் குண்டுகளை இறைத்துக்கொண்டு ஓடினார்கள். வாப்பா பார்த்துக்கொண்டே நின்றார். "இனி என்ன பயம், நிஸார்ர துவக்க வெளிய எடு மகள். துருவத் தொடச்சி அலுமாரில வைப்பம்" என்றார்.

உன் துவக்கு. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். எழுதாமல் இனி என்னால் இருக்க முடியாது.

நீ ஆறாம் ஆண்டு படிக்கும்போது ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வாங்கிய பிளாஸ்டிக் துவக்கு அது. நீ ஓஎல் பரீட்சை எழுதி முடித்த பிறகும் அதை விட்டபாடில்லை. ஸ்பிரிங் தளர்ந்து, விசையை இழுத்தால் குண்டு கிணற்றடி வரைக்கும்கூடப் போகாது. உம்மா மழை வெளித்த நேரம் பார்த்துக் கோழிக்கூட்டின் மேல் கருவாடு காயப்போடுவா. முருங்கை மரத்தில் ஒரு மொண்டிக் காகம் வந்து காத்திருக்கும். நீ சுட்டால் அது தலையைச் சாய்த்து உன்னைப் பார்க்கும். அந்தப் பார்வையில் உனக்கு வந்த ரோசம் இருக்கிறதே! அந்த மார்கழி விடுமுறை முழுக்க அந்தக் காகத்துக்காகவே நாம் செலவழித்தோம்.

வாப்பாவின் பழைய பட்டன் குடையை உடைத்து ஸ்பிரிங்கை நீ எடுத்தாய். காற்று ஒழுகாமல் இருக்கச் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டிப் பார்த்தாய். சரிவரவில்லை. ஊசி மருந்துக் குப்பியின் ரப்பர் மூடியை வைக்கலாம் என்று சொன்னது நான். அதற்கு உம்மாவின் தலைக்கு வைக்கும் எண்ணெயைத் தடவினோம். நீளமான குழல் வேண்டும் என்றாய். கூரையில் ஏறி டீவி அன்டெனாவில் ஒரு குழாய்க் கம்பியைக் கழற்றிக் கொண்டு வந்ததும் நான்தான். அன்றிரவே உம்மா டீவிப் பெட்டியின் தலையில் தட்டித் தட்டி, "ஏன்டா படத்துக்குள்ள மழ பெய்யுது?" என்று கேட்டா. நாம் இருவரும் தலையணையை வாயில் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அந்தக் குழாயை வாள் தகட்டால் அறுத்ததும் நான். நீ பிடித்துக்கொண்டிருந்தாய். அறுத்து முடிந்ததும் விரல் விட்டுப் பார்த்து, "உள்ளுக்குப் பிசிறு கிடக்கு புள்ள, அரம் போட்டு ராவோணும்" என்றாய்.

"போதும் விடு காக்கா. காகம் என்ன சேட்டிபிக்கட்டா கேக்கப் போகுது?" என்றேன்.

என்னுடைய வாய் அப்போதும் இப்படித்தான்.

துவக்கு தயாரானது, ஆனால் குண்டு சரியில்லை. அன்டெனாக் குழாய் கொஞ்சம் அகலம். மஞ்சள் குண்டைப் போட்டுக் குனிந்தால் முன்பக்கமாக உருண்டு விழுந்தது. நீ அதை வைத்துக்கொண்டு உம்மென்று இருந்தாய். அப்போது என் மடியில் உம்மாவின் தஸ்பீஹ் கிடந்தது. வாப்பா மக்காவிலிருந்து கொண்டுவந்த, தொழுத பிறகு எண்ணி ஓதும், முப்பத்திமூன்று கறுப்பு மணி கோத்த தஸ்பீஹ். நூல் இற்றுப் போனதால் தூண்டில் நைலோனில் கோத்துத் தரச் சொல்லி உம்மா என்னிடம் தந்திருந்தா. ஒரு மணியை எடுத்துக் குழாயில் வைத்துப் பார்த்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது.

"கூடாது புள்ள, ஓதுற சாமான்" என்றாய் நீ.

"ஒண்டுதானே. சுட்டுப்போட்டு எடுத்திட்டு வருவம்."

பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வேலியோரம் நின்று நீ சுட்டாய். குடை ஸ்பிரிங் போட்ட சத்தம் உண்மையான வெடி மாதிரி இருந்தது. காகம் பறந்தது காக்கா! எத்தனை வருடமாக அசையாத அந்த மொண்டிக் காகம், கத்திக்கொண்டு கடற்கரைப் பக்கம் பறந்தது. நீ என்னைத் தூக்கிச் சுற்றினாய். வேலிக்கு அப்பால், கடற்கரை மணலில் படர்ந்த அடம்பன் கொடிக்குள் மணி போய் விழுந்திருக்கும் என்று நாம் முடிவு கட்டினோம். இருட்டி மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் மணலை அளைந்தோம். கிடைக்கவில்லை. முப்பத்திரண்டு மணியைக் கோத்து, முடிச்சுப் போட்டு, உம்மாவின் கையில் கொடுத்தேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலைச் சுபஹு தொழுதுவிட்டு உம்மா கூப்பிட்டா. "ஒண்டு குறையுது மகள்."

"நீங்க பிழையா எண்ணியிருப்பீங்க உம்மா."

உம்மா மறுபடியும் எண்ணத் தொடங்கினா. நான் உன்னிடம் ஓடி வந்தேன். நீ பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தாய், பாதிக் கோப்பைதான் குடித்திருந்தாய். "போய்த் தேடி எடுத்துக்கொண்டு வா. இல்லாட்டி நீதான் எடுத்த எண்டு உம்மாக்கிட்டச் சொல்லிப்போடுவன்" என்றேன். எடுத்தது நான். பழியை உன் தலையில் போடுவேன் என்று வெருட்டினேன்.

நீ துவக்கையும் தூக்கிக்கொண்டு புறப்பட்டாய். நின்ற இடத்திலிருந்து சுட்டுப் பார்த்தால் எங்கே விழும் என்று தெரியுமாம். "ரோந்து வாற ஆமிக்காரங்க கண்டா என்ன செய்வாய்? வெச்சிட்டுப் போ" என்று பறித்துத் தகரப் பெட்டிக்குள் போட்டேன். அதில் மட்டும் புத்திசாலியாக இருந்தேன் என்று நெடுநாள் நினைத்திருந்தேன்.

நீ வேலியைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்து, "கிடச்சா ஒனக்குத் தரமாட்டன்" என்றாய். அதுதான் கடைசி.

உம்மா வெயில் ஏறியதும் தொழும் ளுஹா தொழுதுவிட்டுப் பாயில் இருந்தபோது தெரு முழுக்கக் கூக்குரல் கேட்டது. உம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேற்கே ஓடினா. மற்றக் கையில் தஸ்பீஹ். உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினா. தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, பிறகு இடுப்புக்கு வந்தது. அதற்கு மேல் நான் எழுத மாட்டேன். நீ இருந்த இடத்தில் எவ்வளவு வந்தது என்பது உனக்குத்தான் தெரியும்.

பதினொரு நாள் தேடினோம். பள்ளிக்கூட அகதி முகாம், ஆஸ்பத்திரி, அடக்கம் செய்யும் மையவாடி எல்லாம் பார்த்தோம். வாப்பா சவூதியிலிருந்து வந்து சேர்ந்த பிறகு, உன் மையித்து கிடைக்காமலே, அடக்கும் முன் தொழும் ஜனாஸாத் தொழுகையை உனக்குத் தொழுவித்தார்கள். நம்முடைய வளவில் கிணற்றுக்கட்டு மட்டும் நின்றது. அதோடு செருகி, நசுங்கிக் கிடந்தது தகரப் பெட்டி. பெட்டிக்குள் உன் துவக்கு. கண்டவர் என்ன நினைப்பார்களோ என்று வாப்பா அதை எறியச் சொன்னார். "அவன்ட கை பட்டது" என்று உம்மா துணியில் சுற்றி வைத்துக்கொண்டா. முகாமிலும் தகரக் கொட்டிலிலும் சோதனை வந்த நாளெல்லாம் உம்மா அந்தப் பெட்டியின் மேலேயே குந்திக்கொண்டிருப்பா.

'நிஸார் ஏன் கடற்கரைக்குப் போனான்?' என்று எல்லோரும் கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கரைவலை பார்க்கப் போனான்" என்றேன். யாரோ ஒருவர், "இபுறாகீம் மாமாட வலைதான் அண்டைக்கு இழுத்த" என்றார். உம்மா அதைப் பிடித்துக்கொண்டா. மாமா கூப்பிட்டுத்தான் நீ போனாய் என்று அவவாகவே முடிவு செய்தா. அந்தக் கரைவலைக்கார மாமா தன் பெண்சாதியையும் இரண்டு பிள்ளைகளையும் தண்ணீருக்குக் கொடுத்த மனிதர். தெருவில் ஸலாம் சொன்னால் உம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வா. அன்று தொட்டுக் கரைவலை மீன் நம் வீட்டு அடுப்பில் ஏறவில்லை. நான் பார்த்துக்கொண்டு இருந்தேன் காக்கா. வாயைத் திறக்கவில்லை.

அன்று காலை எண்ணியதை நான் சொன்ன மாதிரியே பிழை என்று உம்மா விட்டுவிட்டா; தஸ்பீஹில் ஒரு மணி குறைவது ஓட்டத்தில் உடைந்து விழுந்த கணக்காகிப் போனது. முப்பத்திரண்டை உருட்டிவிட்டு, முப்பத்திமூன்றாவதுக்கு ஒரு விரலை மடக்குவா. ஐந்து வேளையும் அந்த விரல் மடங்கும்போது நான் வேறு பக்கம் பார்ப்பேன்.

பெருநாள் கழிந்த அடுத்த நாள், வாப்பா சொன்னபடி துவக்கைத் துடைக்க எடுத்தேன். குழாய்க்குள் மணல் அடைத்திருந்தது. ஒரு தென்னை ஈர்க்கை எடுத்து உள்ளே குத்தினேன். மணல் கொட்டியது. பிறகு ஈர்க்கு எதிலோ தட்டுப்பட்டு நின்றது. அழுத்தினேன். கறுப்பாக ஒன்று என் மடியில் விழுந்தது.

அந்த மணி வெளியே போகவே இல்லை காக்கா. நான் அறுத்த இடத்தில், நான் ராவ விடாத பிசிறில் சிக்கி, குழாய்க்குள்ளேயே இருந்திருக்கிறது. காகம் சத்தத்துக்குப் பறந்தது. நாம் காகத்தைப் பார்த்துத் துள்ளினோம், குழாயைப் பார்க்கவில்லை. ஓர் ஈர்க்கு போதுமாக இருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம், வீட்டுக்குள் இருந்த ஒன்றைத் தேடித்தான் உன்னைக் கடற்கரைக்கு அனுப்பினேன். போகும்போது நீ துவக்கைக் கொண்டுபோயிருந்தால்? இன்னொரு தரம் சுட முயன்று உள்ளே பார்த்திருப்பாயா? கண்டுபிடித்து, என்னைக் கேலி பண்ண வீட்டுக்கு ஓடி வந்திருப்பாயா? அந்தத் துவக்கைப் பறித்ததும் நான்தானே?

மூன்று நாள் மணியை முந்தானையில் முடிந்து வைத்திருந்தேன். நாலாம் நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு, உம்மா விரலை மடக்கப் போன நேரம் அதைப் பாயில் வைத்தேன்.

"எங்க மகள் கிடந்த?"

"காக்காட துவக்குக்குள்ள உம்மா."

எல்லாவற்றையும் சொன்னேன். அன்டெனாக் கம்பியில் தொடங்கிச் சொன்னேன்.

"அப்ப அவன் கரைவலை பார்க்கப் போகல்லியா?"

"இல்ல உம்மா. மணி தேடப் போன. ஒங்களுக்கிட்டச் சொல்லிப்போடுவன் எண்டு வெருட்டி நான்தான் அனுப்பின."

அடிப்பா என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். உம்மா மணியை எடுத்து உள்ளங்கையில் உருட்டினா.

"ஒரு மணிக்கு நான் அவன அடிச்சிரிப்பனா மகள்? என்னக் கண்டா அவ்வளவு பயமா இரிந்த என்ட புள்ளைக்கு?"

என் சுமையை இறக்கி வைக்கப் போய் உம்மாவின் தலையில் ஏற்றிவிட்டேன். "இல்ல உம்மா, இல்ல" என்று அவவின் மடியில் விழுந்து அழுதேன். நீ இருந்தால் சொல்லியிருப்பாய், நீ பயந்தது உம்மாவின் கைக்கு அல்ல, அவவுக்கு மனம் நோகுமே என்றுதான். நான் அதைச் சொன்னேன். உம்மா நம்பினாவோ தெரியாது.

அடுத்த நாள் காலை வாப்பாவின் ஓட்டோவில் ஏறி இபுறாகீம் மாமாவின் வாசலுக்குப் போனா. நானும் கூடப் போனேன். உம்மா கேற்றுக்கு வெளியே நின்று ஸலாம் மட்டும் சொன்னா. மாமா கேற்றைத் திறந்தார். "வாங்க தங்கச்சி, உள்ளுக்கு வாங்க" என்றார், நேற்றுத்தான் கதைத்துப் பிரிந்த மாதிரி. வரும்போது ஒரு பை நிறையக் கீரி மீன் தந்தார். உம்மா அதை ஆணம் காய்ச்சினா. உனக்குப் பிடித்த மாதிரி, புளி கூட்டி. நாங்கள் மூன்று பேரும் தின்றோம், யாரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அந்தக் குழாயின் பிசிறை அரம் போட்டு ராவி எடுத்துவிட்டேன். இப்போது விரல் விட்டுப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கிறது. நீ சொன்ன அன்றே செய்திருக்க வேண்டிய வேலை, ஐந்து நிமிடம்கூட எடுக்கவில்லை.

மணியைத் தஸ்பீஹில் சேர்த்துக் கோக்கட்டுமா என்று உம்மாவிடம் கேட்டேன். "வேணாம் மகள். அது ஒங்கிட்ட இரிக்கட்டும். நீ எனக்குப் பக்கத்துல இரி" என்றா.

அன்று தொட்டு ஒவ்வொரு தொழுகைக்கும் நான் உம்மாவின் பாய் ஓரத்தில் இருக்கிறேன். உம்மா முப்பத்திரண்டை உருட்டி முடித்ததும் விரலை மடக்குவதில்லை. கையை என் பக்கம் நீட்டுவா. நான் உள்ளங்கையை விரிப்பேன். அதிலே இருக்கும் மணியைத் தொட்டுத்தான் முப்பத்திமூன்றாவதை ஓதி முடிப்பா.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் காக்கா. உம்மா கை நீட்டும் காலம் மட்டும், எந்த வேளையிலும், என் கை அங்கே விரிந்திருக்கும். அதற்குப் பிறகு அந்த மணியை நான் வைத்திருப்பேன். கிடைத்தால் எனக்குத் தரமாட்டேன் என்றாய் அல்லவா? வந்து வாங்கிக்கொள்.

பிசிறை ராவ விடாத உன் தங்கச்சி,
றிஸ்வானா