நீங்கள் இறுக்கிய போல்ட்

மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவியும் சோறு பிசையும்போது விரலில் பழைய ஆயில் வாடைதான். ஞாயிற்றுக்கிழமை மதியம் நீங்கள் சாப்பிட உட்கார்ந்தால் தட்டைச் சுற்றி வருமே, அதே வாடை. "கையக் கழுவினீங்களா இல்லியா?" என்று சிடுசிடுப்பேன். இன்று என் கையிலிருந்தே வருகிறது.

கார் ஆயிலை நானே மாற்றினேன். ஒர்க் ஷாப்பில் விடச் சொல்லி உங்கள் தம்பி ஒரு மாதமாகச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. தை அமாவாசைக்கு மேல்மலையனூர் புறப்படுவதற்கு முந்தைய நாள் நீங்கள் வண்டிக்கு அடியில் படுத்து இறுக்கிய போல்ட்டைக் கழற்றினால்தான் பழைய ஆயில் வடியும். பங்குனியில் நீங்கள் போய்விட்டீர்கள். நீங்கள் இறுக்கி வைத்தவை எல்லாம், சிலிண்டர், குழாய், ஊறுகாய் பாட்டில், ஒவ்வொன்றாகத் திறந்தாகிவிட்டது. இது ஒன்றுதான் மிச்சம். இதை யாரோ ஒருவர் கை கழற்றக் கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

"எதுவா இருந்தாலும் அரை சுத்து சேத்து இறுக்கணும்" என்பீர்கள். அந்த அரைச் சுற்றுக்காக உங்களோடு எத்தனை சண்டை போட்டிருப்பேன்.

எஞ்சின் சூடாக வல்லம் வரை ஓட்டிவிட்டு வந்தேன். முன்சக்கரங்களைப் பலகையில் ஏற்றி, பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தேன். "செஞ்சியில கல்லுக்கா பஞ்சம்" என்று ஒவ்வொரு தடவையும் சொல்லி நீங்களே சிரிப்பீர்கள். கல்லை வைத்துவிட்டுச் சற்று நேரம் அப்படியே நின்றேன். அந்தச் சிரிப்பு கேட்டுவிடுமோ என்று பயமாக இருந்தது.

அடியில் படுத்திருக்கும்போது சக்கரத்துக்குப் பக்கத்தில் உங்கள் செருப்பு வந்து நின்றது.

"எம்மா, ஸ்பேனர் வேணுமா?"

மகள்தான். "இன்னாடி செருப்பு இது?" என்றேன்.

"நைனாவுதுதான். வாசல்ல கெடந்துது, போட்டுனு வந்தேன்."

ஸ்பேனரை மாட்டி முழு பலத்தோடு தள்ளினேன். அசையவில்லை. இன்னொரு முறை தள்ளியதும் கொஞ்சம் திரும்பியது. மகள் குனிந்து பார்த்தாள். "எம்மா, நீ கழட்டல, இறுக்கினு இருக்குற. அந்தப் பக்கம் சுத்து."

ஸ்பேனரை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு அங்கேயே அழுதேன். ஒன்பது மாதம் பத்திரமாக வைத்திருந்த உங்கள் இறுக்கத்தின்மேல் என்னுடையதையும் சேர்த்துவிட்டேன். இனி எது உங்களுடையது என்று எப்படித் தெரியும்? பிறகு ஒரு இரும்புக் குழாயை ஸ்பேனரில் சொருகி மறுபக்கம் இழுத்தேன். 'டக்' என்று விட்டது. கறுப்பாக, வெதுவெதுப்பாக என் கைமேல் வழிந்தது. நீங்கள் கடைசியாக ஓட்டிய தூரமெல்லாம் ஓடிய ஆயில். கையை எடுக்கத் தோன்றவில்லை. சொட்டு நிற்கும்வரை படுத்தே கிடந்தேன்.

பில்டரை மாற்றி, போல்ட்டைப் போட்டு, புது ஆயிலை ஊற்றினேன். வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது. நீங்கள் இருந்தால் ஏதாவது குறை சொல்லியிருப்பீர்கள்.

சாப்பிடும்போது மகள் ஊறுகாய் பாட்டிலோடு வந்து நின்றாள். "இன்னாத்துக்கும்மா இப்டி இறுக்கி வெச்சிருக்குற? மனுஷங்க தொறக்க வாணாவா?"

நேற்று அதை மூடியது நான்தான். வாங்கித் திறந்து கொடுத்தேன். அவள் எடுத்துக்கொண்டதும் திரும்ப மூடினேன். மூடி இறுகிய பிறகும் என் கை நிற்கவில்லை. இன்னும் அரைச் சுற்று சுற்றிவிட்டுத்தான் விட்டது.