வரப்பில் கிடந்த காராமணித் தோல்

இந்து அப்பாவுக்கு,

வெயில் ஏறினால் காராமணி நெற்று வெடித்துப் பயறெல்லாம் மண்ணில் கொட்டிவிடும். அதனால் விடியலிலேயே கொல்லைக்குப் பறிக்கப் போகிறேன். குண்டானில் கூழ் இருக்கிறது. தொட்டுக்கொள்ளக் காராமணிக் குழம்பு.

"இத்த எவன் துன்னுவான்? வேர்க்கடலையே போடலாம்" என்று விதைக்கும்போது என்னிடம் அந்தக் குதி குதித்தீர்கள். மழை ஏமாற்றியதில் உங்கள் கடலை கருகிவிட்டது, என் காராமணி காய்த்துக் கிடக்கிறது. நான் வாயைத் திறந்தேனா?

ஆனால் நேற்று வரப்பில் பச்சைக் காயின் தோல் குவிந்து கிடந்தது. கேட்டால், "ஆடு மேஞ்சிகீது" என்கிறீர்கள். எந்த ஊர் ஆடு தோலை உரித்துப் போட்டுவிட்டுப் பயறை மட்டும் தின்னும்?

சசிரேகா

சாவியை எதிர்வீட்டில் கொடுங்கள்.

அந்த ஆடு சாப்பிட்டதும் கோணிப்பையோடு கொல்லைக்கு வரட்டும். இளங்காய் தனியாகப் பறித்து வைக்கிறேன்.