ராத்தா ஏற மறுத்த கார்

6.6.68 வியாழன்
விடியற்காலையிலிருந்து தூறல். ராத்தாவைக் கண்டிக்குக் கூட்டிப்போகும் நாள். கூடப் பிறந்த அக்கா அவர் ஒருவர்தான். சீனி வருத்தம், பாதத்தில் புண். வியாழன்தோறும் டொக்டரிடம் மருந்து கட்ட வேண்டும். உக்குவளையில் அவர் வாசலில் ஹோர்ன் அடித்தேன். மகள் ஸபியா குடையோடு வந்து, உம்மாவுக்குத் தடிமன், வரவில்லை என்றாள். போன வியாழன் தலைவலி. நல்லாய் ஆறிக்கொண்டு வந்த புண்! கோபத்தோடு என் ஊர் பலாபத்வல திரும்பினேன். என் வாசனைச் சரக்குக் கடைக்கு ஏலக்காய் 2 மூட்டை வந்தது. மனம் ஒட்டவில்லை.

7.6 வெள்ளி
ஜும்ஆத் தொழுகைக்குப் போன இடத்தில் ஸபியாவின் மாப்பிள்ளையைக் கண்டேன். சுற்றி வளைத்துச் சொன்னார். கடைசிப் பயணத்தில் முன் சீட்டில் இருந்த என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினாளாம். பின்னால் காலை நீட்டி இருந்த ராத்தா பார்த்துவிட்டார். தன் புண்தான் நாறுகிறது என்று முடிவு. இனிமேல் ஏறமாட்டாராம்.

வீட்டுக்கு வந்து மனைவியைப் பிடித்து ஏசினேன். அழுதுவிட்டாள்.

"நாறுறது உங்கட கார். மதினிட கால் இல்ல. ஒரு மாசமா சொல்றேன், நீங்க கேட்டாத்தானே."

சொன்னாள்தான். எனக்கு எதுவும் மணக்கவில்லை. பெண்களுக்கு எல்லாம் நாறும் என்று இருந்துவிட்டேன்.

8.6 சனி
வெயில். கடையைப் பாதி நாள் மூடி, காரைக் கழுவினேன். மிதிவிரிப்புகள், டிக்கி, ஸ்பெயர் டயர்க் குழி, கதவு இடுக்கு. கிடைத்தவை: சீப்பு, வெற்றிலைக் காம்பு, பேரனின் ஒற்றைக் கால் சப்பாத்து. நாற்றத்துக்குக் காரணம் மட்டும் கிடைக்கவில்லை. நம்மிடம் வாசனைக்கா பஞ்சம்? கிராம்பு ஒரு பை, கறுவாப்பட்டை ஒரு கட்டு, சீட்டில் அத்தர். எதிர்க்கடைக்காரர் தலையை நுழைத்துப் பார்த்து, புரியாணிச் சட்டியில் எலி செத்த மாதிரி இருக்கிறது என்றார். சிரிப்பு வரவில்லை.

9.6 ஞாயிறு
மாத்தளையில் கார் திருத்தும் பியதாச பாஸின் கராஜ். கிராம்புப் பையை எடுத்து வெளியே வைத்தார். பின் சீட்டில் என்ன ஏற்றினாய் என்று சிங்களத்தில் கேட்டார். மிளகு, ஏலம் என்றேன். வேறு? யோசித்தேன். போன மாதம் லொறி வராத அன்று பல்லேபொலையிலிருந்து சதையோடு பச்சைக் கொக்கோ விதை, இரண்டு சாக்கு.

சீட்டைக் கழற்றினார். உள்ளே அடைத்திருந்த தென்னந்தும்பு கறுத்து, கொழகொழவென்று, புழு நெளிந்தது. கொக்கோச் சதையின் சாறு ஒழுகி உள்ளே இறங்கி அழுகியிருக்கிறது. இருபது வருடக் கொக்கோ வியாபாரம். அந்தப் புளிப்பு என் மூக்குக்குச் சரக்கு பதமாகும் வாசம், அவ்வளவுதான். மனைவி முகத்தைப் பார்க்கவே வெட்கம்.

10.6 திங்கள்
புதுத் தும்பு. சீட்டின் அடித் தகரத்தைச் சலவைச் சோடாவும் சுடுநீரும் போட்டு மூன்று தடவை கழுவினோம். மனைவி உள்ளே ஏறி, கண்ணாடியெல்லாம் மூடி, கால் மணித்தியாலம் இருந்தாள். ஒன்றும் இல்லை என்றாள். இனி அவள் மூக்குத்தான் எனக்கு.

11.6 செவ்வாய்
வியாழன் வரை பொறுக்க முடியவில்லை. வாய்ச்சொல்லை ராத்தா நம்பமாட்டார். அழுகிய தும்பைச் சாக்கில் கட்டிக்கொண்டு போய் அவர் முற்றத்தில் அவிழ்த்தேன். குனிந்து மோந்தார். பிறகு தன் காலைப் பார்த்தார்.

"அப்ப என்ட கால் இல்லயா, தம்பி?"

"இல்ல ராத்தா. காருதான்."

சின்னப்பிள்ளை மாதிரி உடனே டொக்டரிடம் போக வெளிக்கிட்டார். நல்ல சாரி. வழியெல்லாம் கதை. அக்குறணை தாண்டியதும் மழை, கண்ணாடிகளை ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஒரு நாற்றம் வந்தது. கொக்கோ இல்லை, தும்பும் இல்லை. இதை என் மூக்கும் கண்டுகொண்டது.

"இப்ப கார் நல்லா இருக்கு, என்ன?"

"நல்லா இருக்கு ராத்தா."

பாலத்தடியில் மழை விட்டது. கண்ணாடியை இறக்கக் கை போனது. ராத்தா பார்ப்பார் என்று எடுத்துக்கொண்டேன். வழக்கமாகத் தேநீர் குடிக்கும் இடத்திலும் நிற்காமல் ஓட்டினேன்.

டொக்டர் கட்டை அவிழ்த்துப் பார்த்துவிட்டு என்னை வெளியே அழைத்தார். இரண்டு விரல் எடுக்க வேண்டும், பாதம் தப்பும். இரண்டு வாரம் முந்தி வந்திருந்தால் விரலும் தப்பியிருக்கும் என்றார்.

முதல் பாதியை மட்டும் ராத்தாவிடம் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ கூட்டிவந்ததால் பாதம் தப்பியது என்றார்.