மைசூரு விமானத்தில் உடைந்த லென்ஸும் கேமராப் பைகளுக்கான ஒரு வேண்டுகோளும்

அனுப்புநர்:
கமர் ஜஹான்,
திருமணப் புகைப்படக் கலைஞர்,
மந்தைவெளி, சென்னை.

பெறுநர்:
பயணிகள் குறைதீர்ப்பு அலுவலர்,
நீலவிரி ஏர்வேஸ்,
நந்தனம், சென்னை.

பொருள்: கையில் கொண்டுசென்ற கேமராப் பை சரக்குப் பகுதிக்கு அனுப்பப்பட்டு லென்ஸ் உடைந்தமை – இனி நேராதிருக்க ஏற்பாடு வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கடந்த ஆவணியில், மயிலாப்பூரைச் சேர்ந்த நீரஜாவின் திருமணத்தைப் படமெடுக்கத் தங்கள் விமானத்தில் மைசூரு சென்றேன். மணமகளின் தந்தை திரு. பத்ரிநாராயணன் இதய அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் இருந்தார். பயணம் கூடாது என்பது மருத்துவர் உத்தரவு; முகூர்த்தத்தைத் தள்ளிவைக்க அவர் சம்மதிக்கவில்லை. "தாலி கட்டறச்சே அவ முகம் நன்னா தெரியணும். அது ஒண்ணு போறும்மா எனக்கு" என்று என்னிடம் சொல்லி அனுப்பினார்.

2. தூரத்திலிருந்தே முகத்தை அருகில் காட்டும் லென்ஸை அதற்காகவே எடுத்துச் சென்றேன். பை அனுமதிக்கப்பட்ட அளவில்தான் இருந்தது. ஆயினும் சிறிய விமானம், மேலே இடமில்லை என்று கூறி, ஏறும் வாயிலில் தங்கள் ஊழியர் அதை வாங்கிக்கொண்டார். உள்ளே கண்ணாடிப் பொருள் இருப்பதைச் சொல்லிக் கெஞ்சினேன். "ஒண்ணும் ஆவாது மேடம், பின்னாடி எல்லாம் நின்னுகினு கீறாங்க" என்றார். பேட்டரிகள் சரக்கில் போகக் கூடாது என்பதால் அவற்றையும் கேமராவையும் அவசரமாக எடுத்துத் துப்பட்டாவில் சுற்றிக்கொண்டேன். மற்றவற்றை எடுப்பதற்குள் பை போய்விட்டது.

3. மைசூருவில் பையைத் திறந்தபோது லென்ஸின் முன்கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது. அத்தனை பேர் நடுவில் நின்று அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

4. மறுநாள் கேமராவில் மாட்டியிருந்த சிறிய லென்ஸை நம்பியே நின்றேன். அதில் முகம் தெரிய வேண்டுமானால் மணமேடையிலேயே ஏற வேண்டும். தயங்கிய என்னைச் சாஸ்திரிகளே கையசைத்து அழைத்து, ஹோமத்தின் ஓரமாக இடம் விட்டார். புகையில் கண் எரிய எடுத்தேன். சென்னை திரும்பியதும் அந்தப் படத்தைக் கொண்டுபோய்க் காட்டினேன்; திரு. பத்ரிநாராயணன் அதை வெகுநேரம் பார்த்தார். "அழறாளா, சிரிக்கறாளா?" என்று கேட்டார். இரண்டும்தான் என்றேன்.

5. லென்ஸுக்குக் காப்பீடு உண்டு. இம்மனு இழப்பீட்டுக்காக அன்று. திரும்பும் பயணத்தில், அதே வகை விமானத்தில், தங்கள் ஊழியர் செல்வி ஷண்முகப்ரியா என் பையைப் பார்த்ததுமே ஓரமாக அழைத்தார். லென்ஸ்கள் இருந்த உள்பையை இருக்கைக்கு அடியில் வைத்துக்கொள்ளச் சொல்லி, வெறும் வெளிப்பையை மட்டும் சரக்கில் ஏற்றினார். வரிசை சிறிதும் தாமதப்படவில்லை.

6. அவர் செய்ததையே எல்லா ஊர்களிலும் நடைமுறையாக்க வேண்டுகிறேன். சிறிய விமானம் என்பதைப் பயணச்சீட்டு வாங்கும்போதே தெரிவித்தால், நாங்களும் அதற்கேற்பப் பையைக் கட்டிக்கொள்வோம். செல்வி ஷண்முகப்ரியாவுக்கு என் நன்றியையும் சேர்ப்பிக்க வேண்டும்.

7. அடுத்த மாதம் மீண்டும் தங்கள் விமானத்திலேயே மைசூரு செல்கிறேன். என் தங்கை ஆயத்தும் தன் சொந்தக் கேமராவுடன் வருகிறாள். அவளுக்கு இதுவே முதல் விமானப் பயணம். தாங்கள் ஆவன செய்வீர்கள் என்று நம்பி இருவருக்கும் பயணச்சீட்டு வாங்கிவிட்டேன்.

இடம்: மந்தைவெளி
நாள்: 22.09.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
கமர் ஜஹான்