பதினோராயிரம் புத்தகங்களில் ஒரு பக்கம்

அன்புள்ள கணவருக்கு,

நான் நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள். நல விசாரிப்பு இத்தோடு சரி; மீதியெல்லாம் கோபம். உட்கார்ந்து படியுங்கள்.

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம் தீவில் பேய்க்காற்று. கிளினிக்கின் ரேடியோ போன் காலையிலேயே உயிரை விட்டிருந்தது. வலை பின்னுகிற பெண் தன் நாலு வயது மகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். அவள் ஏழு மாதக் கர்ப்பிணி. நான் கொடுத்த சிவப்பு இரும்புச்சத்து மாத்திரைகளை மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை விழுங்கிவிட்டது. அட்டையில் நாலு குறைகிறது. “நாலுதான் சிஸ்டர், ஒண்ணும் ஆகாதுல்ல?” என்று என் கையை விடவே மாட்டேன் என்கிறாள்.

ஆகுமா, ஆகாதா? அது குழந்தையின் எடையைப் பொறுத்தது. அதற்கொரு அட்டவணை உண்டு. நானும் படித்தவள்தான். ஆனால் அந்த நேரத்தில் எண் மறந்துபோயிற்று. இங்கே டாக்டர் இல்லை, இண்டர்நெட் இல்லை. அதற்காகத்தானே உங்களிடம் மின்நூல் ரீடர் கேட்டேன்? நாற்பது புத்தகங்களின் பட்டியலை என் கைப்பட எழுதியும் கொடுத்தேன்.

நீங்கள் என்ன செய்தீர்கள்? யாரோ நண்பரின் ஹார்ட் டிஸ்கை அப்படியே கவிழ்த்துக் கொட்டினீர்கள். “பதினோராயிரம் புத்தகம்! ஒரு லைப்ரரியே உன் கைப்பையில!” என்று படகுத்துறையில் நின்று பெருமையடித்துக்கொண்டீர்கள். எங்கே எது இருக்கிறது என்று கேட்டதற்கு, “தேடினா வந்துட்டுப் போகுது” என்றீர்கள்.

தேடினேன். ‘நூல்கள் பட்டியலிடப்படுகின்றன, காத்திருக்கவும்’ என்றது. குழந்தை வாந்தி எடுத்தது. காத்திருந்தேன். கடைசியில் தலைப்புகளில் மட்டும் தேட விட்டது. இரும்பு என்று அடித்தால் ரயில் எஞ்சின் வரலாறு வருகிறது, உடற்பயிற்சி நூல் வருகிறது, ஒரே துப்பறியும் நாவல் நாலு தடவை வருகிறது. பாதிப் புத்தகங்களுக்குத் தலைப்பே எண்தான். ஆசிரியர் பெயர் கேட்டால், ‘தெரியவில்லை’. இருபத்திரண்டு வருஷமாக நூலகத்தில் அட்டவணை போடுகிற மனிதர் நீங்கள்! ஒரு புத்தகம் அலமாரி மாறி இருந்தால் உங்களுக்குச் சோறு இறங்காது. ஊருக்குத்தான் உபதேசம், பெண்டாட்டிக்கு இல்லையா?

இருபத்தைந்து நிமிஷம். அதற்குமேல் எனக்குத் தைரியம் இல்லை. படகோட்டியைக் கூப்பிட்டேன். அவர் கடலை ஒரு தடவை பார்த்தார், குழந்தையை ஒரு தடவை பார்த்தார். “ஏறுங்க சிஸ்டர்” என்றார்.

அக்கரைத் துறையில் கயிறு கட்டும்போது அலை படகைத் தூக்கிச் சுவரில் அடித்தது. அவருடைய இடது கை நடுவில் இருந்தது. அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. இரண்டு விரல்கள் போய்விட்டன.

குழந்தைக்கு ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் ஆறு மணி நேரம் வைத்துப் பார்த்து அனுப்பிவிட்டார்கள். இன்று காலைகூட என் ஜன்னலைத் தட்டிவிட்டு ஓடியது.

திரும்பி வந்ததும் அந்த ரீடரோடு மல்லுக்கு நின்றேன். வேண்டாததை ஒவ்வொன்றாக அழித்தேன். நாலாவது நாள் ‘புதியது 3’ என்ற பெயரில் நான் கேட்ட விஷமுறிவு நூல் கிடைத்தது. இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம். கணக்குப் போட்டேன். பதினைந்து கிலோ குழந்தைக்கு நாலு மாத்திரை ஆபத்தான அளவே இல்லை. பக்கத்தில் வைத்துக் கவனித்திருந்தால் போதும். படகை எடுத்திருக்கவே வேண்டாம்.

நானும் குற்றவாளிதான், ஒத்துக்கொள்கிறேன். மூன்று மாதம் அது என் மேஜையில் இருந்தது. துப்பறியும் கதை படித்தேனே தவிர, இந்த நூல் இருக்கிறதா என்று ஒரு நாளும் திறந்து பார்க்கவில்லை. அதற்காக உங்கள் பங்கு குறைந்துவிட்டதாக நினைக்க வேண்டாம்.

படகோட்டி ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்ற வருகிறார். “விடுங்க சிஸ்டர், இன்னும் எட்டு இருக்கு. புள்ள பொழச்சுதே, அது போதும்” என்று சிரிக்கிறார். அவர் என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால் உங்களை இவ்வளவு திட்டியிருக்க மாட்டேன். குழந்தையைக் காப்பாற்றியதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பக்கத்தைப் பற்றி அவரிடம் இன்னும் நான் வாய் திறக்கவில்லை.

அந்த நாற்பது நூல்களை மட்டும் போட்டு எடுத்து வாருங்கள். ஒவ்வொன்றுக்கும் சரியான தலைப்பு வேண்டும். விஷங்கள் தனி, குழந்தைகளுக்கான மருந்தளவு தனி. நெட் இல்லாமல் உள்ளே தேட முடிகிறதா என்று நீங்களே பத்துத் தடவை சோதித்துவிட்டுக் கிளம்புங்கள். பார்சலில் அனுப்பினால் பிரிக்காமல் திருப்பி அனுப்புவேன்.

புதன்கிழமைப் படகில் வாருங்கள். படகோட்டியின் தம்பிதான் இப்போது ஓட்டுகிறான். மறுநாள் காலை அவர் கட்டு மாற்ற வருவார். எல்லாவற்றையும் அன்றைக்குச் சொல்லிவிடலாம் என்றிருக்கிறேன். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். நான் சொல்லும்போது என் பக்கத்தில் நில்லுங்கள், அது போதும்.

இத்தனை கோபத்திலும்,
உங்கள் மனைவி