கந்தப்பளைக்கு அப்பால் மண் சரிந்த நாள்

இன்று காலை வட்டகொடை ஸ்டேஷன் வாசலில் யாரோ ஒருவர் பழைய பைக்கை முறுக்கிவிட்டுப் போனார். எண்ணெயும் பெட்ரோலும் சேர்ந்து எரிந்த புகை. உங்கள் சட்டையில் இருந்த அதே வாடை. நின்று முகர்ந்தேன். அழுகை வரவில்லை. நீங்கள் போன அன்றும் வரவில்லை.

நாளெல்லாம் தோட்டத்துத் தேயிலைக் கொழுந்து லொறி ஓட்டியவர் நீங்கள். தொண்ணூறுகளில் ஒரு ஜப்பான் ரேஸ் பைக்கை எங்கிருந்தோ கொண்டுவந்து நம் லயத்து வீட்டு வாசலில் நிறுத்தியபோது எனக்குக் கோபம். "நமக்கு எதுக்குங்க இது?" என்றேன்.

"லொறிய நான் இழுத்துக்கிட்டுப் போறேன் புள்ள. இது என்னைய இழுத்துக்கிட்டுப் போகுது" என்றீர்கள். ஒற்றைக் கையால் அதைச் சாய்த்து நிமிர்த்திக் காட்டினீர்கள்.

உடப்புசல்லாவையில் என் அம்மாவுக்கு முடியவில்லை என்று செய்தி வந்த நாள் நல்ல மழை. பைக்கில்தான் கிளம்பினோம். கந்தப்பளைக்கு அப்பால் மண் சரிந்து ரோட்டை மூடிக் கிடந்தது. பஸ், வேன் எல்லாம் வரிசையாக நின்றன. அங்கே நின்றவர்களிடம், "அண்ணே, ஒரு கை குடுங்க. இதுக்குக் கனமே இல்ல" என்றீர்கள். முழங்கால் சேற்றில் நாலு பேராகப் பைக்கைத் தூக்கிக்கொண்டு நடந்தீர்கள். நான் செருப்பைக் கையில் பிடித்தபடி பின்னால் வந்தேன். அந்தப் பக்கம் இறங்கியதும் ஒரே முறுக்கு. அம்மாவின் நினைப்பிலேயே இருந்தபோதும், அந்த வேகம் எனக்குப் பிடித்திருந்தது.

அம்மா கண் திறந்து என் ஈரத் தலையைத் தொட்டார்.

"பைக்குலயா வந்த? பயமா இல்லயா?"

"இல்லம்மா."

அன்று சாயங்காலமே அம்மா போய்விட்டார். பஸ்ஸுக்குக் காத்திருந்தால் அந்தப் பேச்சு எனக்குக் கிடைத்திருக்காது.

பல வருடம் கழித்து நீங்கள் போனபோது, வந்தவர்களெல்லாம் "பைக்குலயாம்மா?" என்றே கேட்டார்கள். "இல்லங்க, காய்ச்சல். ஆஸ்பத்திரியில" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னேன். சொல்லச் சொல்ல அது வேறு யாருக்கோ நடந்தது போல் ஆகிவிட்டது. பைக்கை வாங்க வந்த தலவாக்கலைக்காரர், "பஞ்சு மாதிரி இருக்கே" என்றார். "ஆமாங்க" என்றேன். சாவியை எடுத்துக் கொடுத்தேன்.

முதன்முதலாக என்னைப் பின்னால் ஏற்றியபோது, "வளைவுல நீ நிமிந்து உக்காந்தா வண்டி தடுமாறும். என்கூடவே சாஞ்சிரு" என்றீர்கள். இப்போது ஹட்டன் பஸ்ஸில் வளைவு வரும்போதெல்லாம் மற்றவர்கள் வெளிப்பக்கம் சரிகிறார்கள். என் உடம்பு மட்டும் உள்பக்கம் சாய்கிறது. போன வாரம் பக்கத்தில் இருந்த பெண், "தூக்கமாக்கா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா, பழக்கம்" என்றேன்.