வாசலில் போட்ட அருகம்புல்

1951 பெப்ரவரி 2, வெள்ளி

விடியலில் பனி உறைந்து வாசல் வெள்ளை. பத்து மணிக்கு நல்ல வெயில். தலைக்குக் குளியல். மண்ணெண்ணெய்க்குச் சொல்லிவிட வேண்டும்.

எஸ்டேட் துரைசானி தந்த கொடி நன்றாகப் படர்ந்துவிட்டது. வாசல் சரிவு முழுக்கப் பச்சை ஜமுக்காளம், நடுநடுவே ஊதாப் பூ. மிதித்தால் ஓம வாசனை. நான் வைத்த பெயர் தரை ஓமம். இங்கிலீஷ் பெயரைக் கேட்க வெட்கம். கேட்டிருக்கலாம்.

இன்று துரைசானி நாயோடு நடந்து வந்தார். கூடவே எஸ்டேட் ஆபீஸ் பெரிய கிளாக்கர் பெண்டாட்டி. டைம் எப்படி இருக்கிறது என்று துரைசானி இங்கிலீஷில் கேட்டார். எனக்கு ஓய்வு கிடைக்கிறதா என்கிறாராக்கும் என்று நினைத்து, "நோ டைம், லேடி. மச் வொர்க்" என்றேன். துரைசானி கொடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மற்றவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கொடிக்குப் பெயரே டைமாம்.

போகிறபோது என் காதில் விழும்படி சொன்னாள்: "புல்லு வெட்டினவன்ர பிள்ளைக்கு இங்கிலீசு எங்காலை வரும்?"

அப்பா புல்லு வெட்டினவர்தான். இந்தத் தேயிலை மலையெல்லாம் சொரண்டியால் சுரண்டியே முதுகு வளைந்தவர். கூலி லயத்தில் பிறந்தவள் சின்னக் கிளாக்கருக்கு வாழ்க்கைப்பட்டது அந்த யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு இன்னும் செரிக்கவில்லை.

இனி இந்த நோட்டில் அவளுக்கு முழுப் பெயர் கிடையாது. பெ.கி. போதும்.

பெப்ரவரி 7, புதன்

சீனி, பருப்பு, தீப்பெட்டி. கடைக்காரன் நிறுத்துக்கொண்டே, "டைம் என்னங்கம்மா?" பின்னால் நின்றவர்களும் சிரிப்பு. ஆபீசில் இவரிடமும் கேட்கிறார்களாம். இவர் சொல்லவில்லை, கடையில்தான் தெரிந்தது.

சாயங்காலம் இவரிடம் கொட்டித் தீர்த்தேன். "விட்டுத் தள்ளு புள்ள" என்கிறார். விடமாட்டேன். அப்பாவை இழுத்தாளே, அதற்கு ஒருநாள் அழவேண்டும் அவள்.

பெப்ரவரி 18, ஞாயிறு

இருமல். கொத்தமல்லித் தண்ணி.

பெ.கி. வந்தாள். மன்னிப்பு ஒரு வார்த்தை இல்லை. அவள் வாசலிலும் டைம் போடச் சொல்லி துரைசானி உத்தரவாம், கொஞ்சம் பிடுங்கித் தரவேண்டுமாம். நாளைக்கு வாங்கம்மா என்று சிரித்தேன். சிரிக்கும்போதே யோசனை வந்துவிட்டது.

பெப்ரவரி 19, திங்கள்

தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் அருகம்புல். வெள்ளிக்கிழமை தோறும் பிள்ளையாருக்குக் கிள்ளுகிற அதே இடம். இன்று வேரோடு தோண்டினேன். கணுக் கணுவாக நறுக்கி, அவளுக்குப் பிடுங்கி வைத்த கொடியின் வேர்மண் ஒவ்வொன்றுக்குள்ளும் செருகினேன். ஒரு கணு போதும், வாசலையே பிடித்துவிடும். புல்லுவெட்டுக்காரன் மகளுக்கு இங்கிலீஷ் வராது, இது வரும்.

பிள்ளையாரே, உங்கள் புல்லை இதற்கு எடுத்தேனே என்று கோபம் வேண்டாம். என் வயிற்றெரிச்சல் உங்களுக்குத் தெரியும்.

பெ.கி. கூடை நிறைய வாங்கிப் போனாள். தண்ணீர் நன்றாக ஊற்றச் சொன்னேன்.

ஏப்ரல் 20, வெள்ளி

பகல் முழுக்க மழை. துணி காயவில்லை.

அவள் வீட்டு வழியாக வேண்டுமென்றே போனேன். டைமைக் கிழித்துக்கொண்டு ஊசி ஊசியாக அருகு. மனசு குளிர்ந்தது. பெ.கி. பார்த்துவிட்டுக் கூப்பிட்டாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று நினைத்துக்கொண்டே போனேன்.

"பாரும் பிள்ளை. நட்டதுமில்லை, விதைச்சதுமில்லை. பிள்ளையார் தானா வந்திருக்கிறார்" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். தோட்டக்காரனிடம் ஒரு இலையைக்கூடத் தொடாதே என்றிருக்கிறாளாம். வெள்ளி தோறும் அதில்தான் மாலை.

வீட்டுக்கு வந்து பாத்திரத்தை எல்லாம் ஓங்கி ஓங்கிக் கழுவினேன்.

ஜூன் 15, வெள்ளி

காற்று. தகரம் ஒன்று பறந்துவிட்டது.

பெரிய கிளாக்கருக்குக் கொழும்பில் பெரிய வேலை. பெ.கி. வீடு வீடாக மோதகம் கொடுத்தாள், எனக்கும். எல்லாம் அந்தப் புல்லு வந்த நேரமாம். நான் வெட்டி, நான் செருகி, யோகம் அவளுக்கு. மோதகம் வேறு நன்றாக இருந்தது, அதுதான் தாங்க முடியவில்லை.

சாயங்காலம் இவர் ஓடி வந்தார். துரை கூப்பிட்டுச் சொல்லிவிட்டாராம், அடுத்த மாதத்திலிருந்து இவர்தான் பெரிய கிளாக்கர். கண்ணில் தண்ணீர் அவருக்கு. எனக்கும். அப்பா இருந்திருக்கலாம்.

தேத்தண்ணி ஊற்றும்போதுதான் உறைத்தது. பெரிய கிளாக்கர் வேலைக்கு அந்த வீடும் சேர்த்தி. அந்த வாசலும்.

ஜூலை 1, ஞாயிறு

சாமான் ஏற்றம். அம்மி, இரண்டு பெட்டி, சாமி படம். குத்துவிளக்கைக் காணோம். பிறகு கிடைத்தது, அரிசிக்குள்.

பெ.கி. சாவியைக் கையில் வைத்து, "ஒண்டையும் பிடுங்கிப் போடாதையும் பிள்ளை. பிள்ளையார் கோவிப்பார்" என்றாள். லொறி போனது. நான் கையைக்கூட ஆட்டவில்லை.

முட்டி போட்டுத் தேடினேன். டைம் ஓரத்தில் இரண்டு மூன்று இழை, அதுவும் வெளிறி. மற்றதெல்லாம் புல். கையை விட்டால் வேர் அடியில் கயிறு கயிறாக ஓடுகிறது. என் பழைய வாசலோ பச்சைப் பசேலென்று, நாளை வரும் புது ஆளுக்கு.

போகும்போதும் எனக்கு வேலை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறாள். அவள் மேல் கோபம் இரட்டிப்பு.

ஜூலை 4, புதன்

மூடுபனி. அப்பாவின் சொரண்டியைத் தேடி எடுத்துக் காலையிலிருந்து வாசலில். இடுப்பு விட்டுப்போயிற்று. கால்வாசிகூட ஆகவில்லை.

துரைசானி நாயோடு வந்தார். முழங்கால் வரை எனக்குச் சேறு. டைம் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"நோ டைம், லேடி. மச் வொர்க்."

வாசலை ஒருமுறை பார்த்தார், பாவம் என்பதுபோலத் தலையாட்டினார். யாரும் சிரிக்கவில்லை. இந்தத் தடவை இங்கிலீஷ் சரி.